தாமிரபரணிக்கு ஒரு பட்டியல், முண்டந்துறைக் காட்டுக்கு வேறு பட்டியல்

மனு எழுத உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: அந்தப் பொருளில் சட்டம் இயற்றும் அதிகாரம் சென்னைக்கா, டெல்லிக்கா? அரசியலமைப்பின் 246-வது பிரிவும் ஏழாவது அட்டவணையும் இதை ஒன்றியப் பட்டியல் (நாடாளுமன்றத்துக்கு), மாநிலப் பட்டியல் (சட்டமன்றத்துக்கு), பொதுப் பட்டியல் (இரண்டுக்கும்) என்று பிரித்திருக்கின்றன.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அதன் அணையும் கால்வாயும் பாசனமும் மாநிலப் பட்டியல். காவிரி போல மாநிலம் தாண்டும் ஆறு என்றால் ஒன்றியமும் உள்ளே வரலாம். கூடங்குளம் ராதாபுரம் வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அணுசக்தி ஒன்றியப் பட்டியல். நம் சட்டமன்றம் அதில் தீர்மானம் போடலாம், சட்டம் போட முடியாது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள் நாடாளுமன்றத்துக்கே போகும்.

களக்காடு முண்டந்துறைக் காட்டின் கதை வேறு. 1950-ல் காடும் கல்வியும் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976-ல் வந்த 42-வது திருத்தம் இவ்விரண்டோடு வனவிலங்குப் பாதுகாப்பு உள்ளிட்ட மேலும் மூன்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் இதன் பின்னால் வந்தது. அதனால்தான், வனத்துறை அதிகாரி மாநில அரசின்கீழ் இருந்தாலும், காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசின் அனுமதி வேண்டியிருக்கிறது.

பட்டியலை மாற்றுவது எளிதல்ல. 368-வது பிரிவின்படி இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். பிறகு பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது ஒப்ப வேண்டும். 1976-ல் அந்த ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது நெருக்கடிநிலைக் காலம். தமிழ்நாட்டு ஆட்சி அந்த ஆண்டு ஜனவரி 31-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. கல்வி கைமாறியபோது சரி என்றோ கூடாது என்றோ சொல்ல நமக்குச் சட்டமன்றமே இல்லை. கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவரக் கேட்பது நியாயம் என்று நான் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பொதுப் பட்டியலில் ஒன்றியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் ஒன்றியச் சட்டமே நிற்கும். 254-வது பிரிவு ஒரு விலக்குத் தருகிறது: குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லுபடியாகும். 2017 ஜல்லிக்கட்டுச் சட்டம் இந்த வழியில்தான் வந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. எனினும் அதே பொருளில் நாடாளுமன்றம் பின்னால் புதுச் சட்டம் இயற்றி அதை மாற்றவோ நீக்கவோ அந்தப் பிரிவே இடம் வைத்திருக்கிறது.