காற்று போன பிறகும் ஓடும் டயர்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். அதனுடன் வந்த ரன்-ஃபிளாட் டயர்கள், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்கள், தேய்ந்துவிட்டன. அதே வகையையே மறுபடியும் வாங்குவதா, சாதாரண டயருக்கு மாறுவதா? மாறினால் வழியில் பஞ்சராகும்போது என்ன செய்வது? காரில் ஸ்டெப்னி இல்லை, வைக்க இடமும் இல்லை.

பதிலுக்குப் போகும் முன் இன்னொரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். அதற்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். டயருக்குள் இருக்கும் காற்று காரை எப்படித் தாங்குகிறது?

"காற்று கீழிருந்து மேலே தள்ளுகிறது" என்றுதான் முதலில் தோன்றும். பள்ளிக்கூடக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. 1,500 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 375 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. வகுத்துப் பார்த்தால் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 167 சதுர சென்டிமீட்டர், அதாவது விரித்த ஒரு கையளவு. நான்கு டயர்களும் சேர்ந்து சாலையைத் தொடும் இடம் ஓர் ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அத்தனை வேகமும் அத்தனை பிரேக்கும் அந்தத் தாளளவு ரப்பர் வழியாகத்தான் நடக்கிறது.

சரி, தரையிலிருந்து டயர் வரை புரிந்துவிட்டது. டயரிலிருந்து ரிம்முக்கு அந்தத் தாங்குதல் எப்படிப் போகிறது? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். அடைபட்ட காற்று எல்லாத் திசையிலும் சமமாக அழுத்தும். ரிம்மைக் கீழிருந்து மேலே எவ்வளவு தள்ளுகிறதோ, அவ்வளவே மேலிருந்து கீழேயும் தள்ளுகிறது. இரண்டும் கழிந்து போய்விடும். கார் ஏறி உட்கார்ந்ததால் டயருக்குள் அழுத்தம் கூடிவிடுவதும் இல்லை. அந்த மாற்றம் மிகச் சிறியது. அப்படியானால் ரிம்மைத் தூக்கிப் பிடிப்பது எது?

பக்கச்சுவர். டயரின் பக்கச்சுவருக்குள் பாலியெஸ்டர் அல்லது ரேயான் இழைகள் நெருக்கமாக ஓடுகின்றன. காற்று அடித்ததும் அவை வீணைத் தந்தி போல முறுக்கேறி, ரிம்மைச் சுற்றிலும் வெளிப்பக்கமாக இழுக்கின்றன. காற்றில் தொங்கும் சக்கரத்தில் இந்த இழுப்பு எல்லாப் பக்கமும் சமம். சக்கரம் தரையில் பட்டதும் அடிப்பக்கத்தில் மட்டும் பக்கச்சுவர் பிதுங்குகிறது. அங்கே கீழ்நோக்கிய இழுப்பு குறைகிறது. மேற்பகுதியின் இழுப்பு அப்படியே இருக்கிறது. மிச்சப்படும் இழுப்பு மேல்நோக்கியது, அது காரின் எடைக்குச் சமம். அதாவது கார் டயரின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, டயரிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. காற்றின் வேலை அந்த இழைகளை முறுக்கோடு வைத்திருப்பது மட்டுமே.

சைக்கிள் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மெல்லிய கம்பிகளில் ஒன்றைத் தனியே எடுத்து நிறுத்தி மேலே கை வைத்து அழுத்தினால் உடனே வளைந்துவிடும். ஆனால் இழுத்துக் கட்டிய சக்கரத்தில் அதே கம்பிகள் ஓர் ஆளையே சுமக்கின்றன. கீழ்க்கம்பிகள் சற்றுத் தளர, மேற்கம்பிகளின் இழுப்பு மேலோங்குகிறது. கார் டயரிலும் இதேதான் நடக்கிறது, கம்பிக்குப் பதில் இழை.

இப்போது ஆணி குத்திக் காற்று போய்விட்டது. இழைகள் தளர்ந்துவிட்டன. இழுக்கத் தெரிந்த நூலுக்குத் தூணாக நிற்கத் தெரியாது. பக்கச்சுவர் மடிகிறது, ரிம்மின் உலோக விளிம்புக்கும் தரைக்கும் நடுவே சிக்கி ரப்பர் நசுங்குகிறது. கொஞ்ச தூரத்திலேயே டயர் கந்தலாகிவிடும், அல்லது ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும்.

ரன்-ஃபிளாட் டயரை வடிவமைத்தவர்கள், தொங்க முடியாதபோது நிற்கட்டும் என்று யோசித்தார்கள். பக்கச்சுவரின் உட்புறத்தில் பிறை நிலா வடிவில் கெட்டியான ரப்பர் ஒன்றை ஒட்டினார்கள். காற்று இருக்கும்வரை அதற்குப் பெரிய வேலை இல்லை. காற்று போனதும் பக்கச்சுவர் வெளிப்பக்கமாக வளையப் பார்க்கும். அப்போது உள்ளே இருக்கும் பிறை ரப்பர் அமுங்கி எதிர்க்கிறது, வெளியே இருக்கும் இழை இழுபட்டு எதிர்க்கிறது. அமுக்கத்தை ரப்பரும் இழுப்பை இழையும் பங்கிட்டுக்கொள்கின்றன. கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் சேர்ந்து ஓர் உத்தரத்தைத் தாங்குவது போலத்தான். ரிம்மில் மாட்டாத ரன்-ஃபிளாட் டயர் ஒன்றின் பக்கச்சுவரை இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள். சாதாரண டயர் விட்டுக்கொடுக்கும் இடத்தில் இது மரப்பலகை போல நிற்கும்.

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் டன்லப் நிறுவனம் டெனோவோ என்ற டயரைக் கொண்டுவந்தது. அதில் சக்கரத்துக்குள்ளேயே சிறு குப்பிகளில் மசகுத் திரவம் இருக்கும். காற்று போனதும் குப்பிகள் உடைந்து, உள்ளே உராயும் ரப்பருக்கு வழுக்கல் கொடுக்கும். பிற்பாடு மிஷ்லின் நிறுவனம் பேக்ஸ் என்ற பெயரில் டயருக்குள் ஒரு தாங்கு வளையத்தை வைத்துப் பார்த்தது. கடைசியில் நிலைத்தது பிறை ரப்பர்தான். 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டெப்னியே இல்லாமல் இந்த வகை டயர்களோடு விற்பனைக்கு வந்தது.

பிறகு ஏன் காற்றில்லாமலே எப்போதும் ஓட்டக்கூடாது? ஏன் 80 கிலோமீட்டர் வேகம், 80 கிலோமீட்டர் தூரம் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எல்லை வைக்கிறார்கள்? காரணம் ரப்பரின் குணம். ரப்பரை அமுக்கி விட்டால், அமுக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாக உள்ளேயே தங்கிவிடும். ஒரு ரப்பர் பட்டையைச் சட்சட்டென்று இருபது முப்பது முறை இழுத்துவிட்டு மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முறை சுழல்கிறது. பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் நொடிக்கு 11 முறை மடங்கி நிமிர்கிறது. 80 கிலோமீட்டர் முடிவதற்குள் 40,000 முறை. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், நடுவில் பிறந்த சூடு வெளியே வர வழி தேடித் தவிக்கும். சூடேறினால் ரப்பர் இளகும். இளகினால் இன்னும் அதிகமாக மடங்கும். அதிகம் மடங்கினால் இன்னும் சூடேறும். ரப்பர் மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பாலங்கள் ஒரு கட்டத்தில் அறுபடத் தொடங்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி உண்டாக்கிய உறுதி, அதே சூட்டினால் அவிழ்ந்துபோகிறது. வேகத்தைக் கூட்டினால் நொடிக்கு எத்தனை மடிப்பு என்பது கூடும். வெப்பம் வெளியேற அவகாசம் குறையும். அந்த வேக எல்லையைப் பெயரளவுக்கு வைத்த எச்சரிக்கை என்று நினைத்துவிடாதீர்கள்.

காற்றில்லாமல் ஓட்டப்பட்ட ஒரு ரன்-ஃபிளாட் டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே கீறல்கூட இல்லை. கவிழ்த்ததும் உள்ளிருந்து கறுப்புத் துகள்கள் கொட்டின. அழி ரப்பரால் தேய்த்த பின் தாளில் கிடக்குமே, அதைப் போல, ஆனால் கை நிறைய. உட்சுவர் முழுவதும் தேய்ந்து சொரசொரத்துப் போயிருந்தது. அதனால்தான் காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டைப் பஞ்சர் ஒட்டி மறுபடி மாட்ட வேண்டாம் என்று சொல்கிறார்கள். ஆணி போட்ட ஓட்டையை அடைக்கலாம், 40,000 மடிப்பு செய்த சேதத்தை எதைக் கொண்டு அடைப்பது?

இன்னொன்று. இந்த டயரில் காற்று போனது கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போதும் பெரிதாக உணர முடியாது. ஆகவே டயர் அழுத்தத்தைச் சொல்லும் சென்சார் இல்லாமல் ரன்-ஃபிளாட் ஓட்டுவது ஆபத்து. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. டயர் மாற்றும் நாளில் அதையும் சோதித்துவிடுங்கள். டயரை மறுபடி கழற்றும் வேலை மிச்சம்.

இப்போது வாசகரின் கேள்வி. சாதாரண டயருக்கு மாறினால் என்ன கிடைக்கும்? சக்கரம் லேசாகும். பக்கச்சுவர் நெகிழ்வதால் சாலையின் சிறு மேடுபள்ளம் முதுகுக்கு வராது. பொதுவாக விலையும் குறைவு, தேர்ந்தெடுக்கவும் நிறைய வகை கிடைக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் பதில் சொல்வதில் மட்டும் கொஞ்சம் மென்மை தெரியலாம். காரின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கெட்டியான டயரை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை என்பதால் அப்படி. டயர் எவ்வளவு எடையை, எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று சொல்லும் எடைக் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயருக்குக் குறையாமல் பாருங்கள். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு கெட்டி, இரண்டு நெகிழ்வு என்று கலந்தால் வளைவில் முன்பக்கம் ஒரு விதமாகவும் பின்பக்கம் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். பக்கச்சுவரில் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

என் கருத்து: பக்கத்தில் உதவி கிடைக்கும் பாதைகளிலேயே பெரும்பாலும் ஓட்டுபவர் தயங்காமல் மாறலாம். இரவில் ஆளரவமற்ற நெடுந்தூரம் தனியாகப் போகிறவர் ரன்-ஃபிளாட்டையே வைத்துக்கொள்வது நல்லது. அது தருவது 80 கிலோமீட்டர் அவகாசம். இருட்டில், வளைவில், லாரிகள் பறக்கும் ஓரத்தில் இறங்க வேண்டாம் என்ற அந்த நிம்மதிக்கு நான் பெரிய மதிப்பு வைக்கிறேன்.

மாறுகிறீர்கள் என்றால் ஸ்டெப்னியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் சக்கரம் ஓர் அளவு, பின் சக்கரம் வேறு அளவு. ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தாது. சிறிய ஸ்டெப்னி பெரிய பிரேக்கின் மேல் ஏறாமலும் போகலாம். அது பொருந்தினாலும், கழற்றிய அகலமான பின்சக்கரத்தை எங்கே வைப்பது? பக்கத்து இருக்கையில்தான்.

ஆகவே கையில் இருக்க வேண்டியது அடைப்புத் திரவமும் சிறிய கம்ப்ரசரும். இந்தத் திரவத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. பல பாட்டில்களில் இருப்பது ரப்பர் பால். ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறினால் பால் வடிகிறது. சிறிது நேரத்தில் உறைந்து, காயத்தை மூடிவிடுகிறது. அந்தப் பாலில் நுண்ணிய ரப்பர் துளிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை. அதில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துளிகள் ஒன்றையொன்று விலக்கி, ஒட்டாமல் மிதக்கின்றன. டயருக்குள் ஊற்றிக் காற்றடித்ததும், ஓட்டை வழியே பீறிடும் காற்று திரவத்தையும் இழுத்துச் செல்கிறது. அந்தக் குறுகிய வழியில் துளிகள் நெரிபடுகின்றன, உராய்கின்றன; உறை கிழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. மரம் தன் காயத்தை மூடும் வித்தை அப்படியே சக்கரத்துக்குள் நடக்கிறது. 

திரவம் ஓட்டையைத் தேடிப் பரவச் சக்கரம் உருள வேண்டும். அதனால் அடித்தவுடன் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, அழுத்தத்தை மறுபடி பாருங்கள். சாலையைத் தொடும் பகுதியில் ஆணி அளவு ஓட்டைக்கு மட்டுமே இது உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் வழி. குத்திய ஆணியை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரின் ரப்பர் ஆணியைக் கவ்விப் பிடித்திருக்கும், காற்றும் மெதுவாகவே கசியும். பல சமயம் கம்ப்ரசரால் காற்றடித்தே டயர் கடை வரை போய்விடலாம்.

நைட்ரஜன் நிரப்பினால் பஞ்சரே ஆகாது என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓட்டை விழுந்தால் இரண்டும் ஒன்றுபோலவே வெளியேறும். அந்தப் பணத்தில் நல்ல அழுத்தமானி ஒன்று வாங்கலாம்.

அடைப்புத் திரவத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. சில ஆண்டுகளில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். சக்கரம் திருடுபோகாமல் தடுக்கும் பூட்டு நட்டின் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாழ்ந்த காரின் அடியில் ஜாக்கி நுழைகிறதா, கார் உடம்பில் ஜாக்கி வைக்கும் புள்ளி எது என்றும் பாருங்கள். அப்புறம் ஒரு விடுமுறைக் காலையில் கம்ப்ரசரைக் காரில் சொருகி, அதன் வயரும் குழாயும் பின்சக்கரத்தின் வால்வு வரை எட்டுகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.