அலுவலகம் பூட்டிய பிறகு அந்த வளாகத்தில் வண்டி நிறுத்தலாமா? சேலம் தெருவாசிகள் அனுமதி கேட்கும் முறை

குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தறிக்கும் வெள்ளிப் பட்டறைக்கும் இடம் விட்டுக் கட்டிய வீடுகள் அவை. காருக்கு அங்கே இடம் ஏது? இரவு ஒன்பது மணிக்குத் தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. அதே நேரத்தில் தெருமுனையில் இருக்கும் அரசு அலுவலக வளாகம் காலியாகக் கிடக்கிறது. தமிழக அரசு அலுவலகங்களின் வேலை நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை, அதுவும் வாரத்தில் ஐந்து நாள். வாரத்தின் 168 மணி நேரத்தில் இது 39 மணி கூட வராது. மீதி நேரத்தில் அந்த இடத்தை அக்கம்பக்கத்தார் கேட்பதில் தவறே இல்லை.

ஆனால் கேட்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது சட்டம் தரும் உரிமை அல்ல. இடத்தின் பொறுப்பாளர் மனம் வைத்துத் தரும் அனுமதி. பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பற்றிய 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 52, இதை உரிமம் என்கிறது. குத்தகை வேறு, உரிமம் வேறு. கல்யாணத்துக்குக் கோயில் மண்டபத்தை ஒரு நாள் வாங்குகிறோமே, அதுபோலத்தான். பயன்படுத்தலாம், ஆனால் மண்ணில் பாத்தியதை எதுவும் வராது. பொதுவாக, கொடுத்தவர் திரும்பப் பெறலாம். வாங்கியவர் தன் இடத்தை இன்னொருவருக்கு மாற்றிவிட முடியாது.

அதிகாரிகள் தயங்குவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ‘இன்றைக்கு உள்ளே விட்டால் நாளைக்கு இது எங்கள் இடம் என்பார்கள்’ என்ற பயம். ஆக்கிரமிப்பு வழக்குகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டும் துறைகளுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். அதற்கான பதில் அதே சட்டத்தில் இருக்கிறது. நீண்டகால அனுபவத்தைக் காட்டி வசதியுரிமை கோர, அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டு ஆக வேண்டும். அப்போதும், உரிமையாளரோடு செய்த உடன்பாட்டின் பேரில் அனுபவித்த காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வாய்மொழியாக நிறுத்துவதை விட, எழுத்தில் அனுமதி வாங்குவதே அரசுக்கும் பாதுகாப்பு. மனுவில் இதை ஒரு பத்தியாகவே எழுதுங்கள். எந்த உரிமையும் கோரமாட்டோம், கேட்ட அன்றே காலி செய்வோம் என்று நாமே முன்வந்து எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் அப்போதே போய்விடும்.

அடுத்து, அந்த வளாகம் யாருடையது? பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து மனு கொடுத்தால் அது மேசை மேசையாக அலையும். மாநகராட்சி மண்டல அலுவலகம் என்றால் மாநகராட்சி ஆணையர். சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள் உண்டு. மாநில அரசுத் துறைக் கட்டிடம் என்றால் அந்தத் துறையின் மாவட்ட அதிகாரிக்கு மனு, மாவட்ட ஆட்சியருக்கு நகல். பல கட்டிடங்களின் பராமரிப்பு பொதுப்பணித் துறையிடம் இருப்பதால் அங்கேயும் ஒரு நகல் கொடுப்பது நல்லது. அஞ்சல், வருமான வரி, ரயில்வே போன்றவை மத்திய அரசின் இடங்கள். அங்கே ஆட்சியர் உத்தரவிட முடியாது. ஏற்காட்டில் ஊராட்சி ஒன்றிய வளாகம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். வனத்துறை நிலத்தைக் கேட்கவே வேண்டாம், அதற்கான கட்டுப்பாடுகள் வேறு.

எல்லா அலுவலகமும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவூலம், நீதிமன்றம், காவல் நிலையம், ஆவண அறை உள்ள இடங்களில் இரவில் வெளியாட்களை விடுவது சரியல்ல. தேர்தல் நேரத்தில் வாக்குப்பெட்டி வைக்கும் இடங்களுக்கும் அப்படித்தான். மழை வெள்ளம் என்றால் வருவாய்த் துறைக்கு ராத்திரியும் வேலை நேரம்தான்.

தனித்தனியாகப் பத்துப் பேர் போவதை விட, தெரு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் இன்னும் நல்லது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். தவறு நடந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதால் அதிகாரிக்கும் கையெழுத்துப் போடுவது எளிது. மனுவோடு வண்டி எண்கள், ஆர்.சி. நகல், முகவரிச் சான்று, எத்தனை வண்டி எங்கே நிற்கும் என்ற கைவரைபடம் ஆகியவற்றை வையுங்கள். நேரத்தைத் திட்டவட்டமாகக் குறியுங்கள்: இரவு 7 முதல் காலை 8.30 வரை. 9.45 என்று எழுதாதீர்கள். பெருக்குபவர்களும் முதலில் வரும் ஊழியர்களும் இடம் கிடைக்காமல் நின்றால் மறுவாரமே அனுமதி ரத்தாகும். கேட்டைத் திறந்து மூடுவது யார், இரவுக் காவலருக்குச் சம்பளம் யார் தருவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

கட்டணம் தருகிறோம் என்று நாமே சொல்வது நியாயம் என்பது என் கருத்து. வாகனம் அடைக்கும் நிலத்தின் மதிப்பைக் காட்டும்படி நிறுத்தக் கட்டணம் இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது. வண்டி இல்லாத குடும்பத்துக்கும் அந்த இடத்தில் பங்கு உண்டல்லவா? முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். அப்புறம் நீட்டிப்பது சுலபம்.

காப்பீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தில் ‘சொந்தப் பொறுப்பில்’ என்று எழுதித்தான் தருவார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வண்டி திருடுபோனாலும் உரசினாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாநகராட்சி இடம் என்றால் வார்டு கவுன்சிலர் வழியாக, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக்கினால் கோரிக்கைக்குக் கனம் கூடும். குறை மனுக்களுக்கு 3 நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் பதிலும் தர வேண்டும் என்று 21.09.2015 தேதியிட்ட அரசாணை எண் 99 சொல்கிறது.

பதிலே வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்று விஷயம் கேளுங்கள்: நிலம் எந்தத் துறையின் பெயரில் உள்ளது, நம் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, நிராகரித்திருந்தால் அந்தக் குறிப்பின் நகல். 30 நாளில் தகவல் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.