வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும்

பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தேங்காய்க் களங்களில் எலிக்காகப் பூனை வளர்ப்பார்கள். சோறு போட்டால் சோம்பேறியாகிவிடும் என்று சிலர் அதைப் பட்டினி போடுவதும் உண்டு. அது வீண் வேலை. பூனைக்குப் பசியும் வேட்டையும் பெருமளவு தனித்தனியே இயங்குபவை. 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன் எலியை விட்டார்கள். அவை தட்டை விட்டெழுந்து எலியைக் கொன்றன, தட்டருகே கொண்டுவந்து போட்டன, பிறகு பழைய உணவையே தொடர்ந்து தின்றன. பாய்ச்சல் பலமுறை தவறும். அதனால் பசி முற்றிய பிறகு வேட்டைக்குக் கிளம்பினால் உயிர் தங்காது. பசி வேட்டையைத் தூண்டிவிடும்; ஆனால் வேட்டைக்கு அது கட்டாயமில்லை.

எலி எழுப்பும், நம் காதுக்கு எட்டாத கீச்சொலி பூனைக்குக் கேட்கும். பதுங்கிப் பாய்ந்து பிடித்த பிறகுதான் சிக்கல்: மூக்குக்கு முன் ஒரு சாண் தூரத்துக்குள் அதன் பார்வை மங்கல். அப்போது மீசை முடிகள் முன்னோக்கி விரிந்து, இரை எப்படித் திமிறுகிறது என்று தொட்டுச் சொல்லும். அதை வைத்தே பிடரியில் கோரைப்பல் இறங்கும். குறி தப்பினால் பூனையின் முகத்தை எலி கடித்துவிடும். அதனால்தான் பூனை அதைத் தட்டித் தட்டிக் களைப்பாக்குகிறது. நமக்குக் கொடுமையாகத் தெரிவதில் பெரும்பங்கு எச்சரிக்கைதான். பெருச்சாளியைப் பெரும்பாலும் தொடாது. அதற்குப் பூனையை நம்ப வேண்டாம்.

பொம்மை விளையாட்டும் இதே வேட்டைதான். ஈர்க்குக் குச்சியில் ஒரு மீட்டர் நூல் கட்டி, எலி அளவுக்குக் கசக்கிய காகிதத்தை மாட்டுங்கள். பூனையின் முகத்தை நோக்கி ஆட்டினால் பின்வாங்கும். விலகி ஓடி, மூலையில் மறைந்து, நின்று ஓடினால் பாயும். கடித்தும் சிதையாத பொம்மை சீக்கிரம் சலித்துவிடும். வேறு நிறத்தில், வேறு வாசனையில் ஒன்றைக் காட்டினால் மறுபடி தொடங்கும். முடிவில் பிடிக்க விட்டு, ஒரு துண்டு மீன் கொடுங்கள்.

அணில்கள் சாவதைப் பார்க்க முடியாதவர்களுக்கும் இது உதவும். 2021-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில், தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25% குறைந்தது. இறைச்சி மிகுந்த உணவு தின்றவற்றில் 36%. தயிர்சோறு அந்தக் கணக்கில் வராது.

ஆட்டம் முடிந்ததும் நூலை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கினால், மறுமுனை குடலைச் சுருக்கி அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நுனி தெரிந்தால் இழுக்கக் கூடாது; அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும்.