பால்பல்லில் சீழ் கோர்ப்பது எப்படி?

குழந்தையின் கடைவாயில் ஒரு சொத்தைப் பால்பல். அதை ஒட்டிய ஈறில் கடுகளவு கொப்புளம். அழுத்தினால் மஞ்சளாகக் கொஞ்சம் சீழ் வரும், கூடவே துர்நாற்றம். சில நாள் முன்பு வரை இரவெல்லாம் வலியில் அழுத குழந்தை இப்போது நன்றாகத் தூங்குகிறது. வலி போய்விட்டது, எப்படியும் விழப்போகிற பல்தானே என்று பெரியவர்களும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கொப்புளத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்லுக்குள் இருந்த உயிருள்ள திசு செத்துப்போய், அங்கே பெருகிய பாக்டீரியாக்களால் உண்டான சீழ் எலும்பை அரித்துக்கொண்டு ஈறு வழியாக வெளியே வந்திருக்கிறது. சீழ் வடிந்ததால் அழுத்தம் குறைந்தது, அதனால் வலி நின்றது. நோய் அப்படியேதான் இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பல்லின் மேலே சொத்தையைத் தொடங்கி வைக்கும் பாக்டீரியாக்கள் வேறு, உள்ளே சீழ் வைக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வேறு.

மேலே இருப்பவற்றில் அதிகம் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜே. கிலியன் கிளார்க் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சர்க்கரை கிடைத்தால் இது இரண்டு காரியம் செய்கிறது. நாம் அன்றாடம் சேர்க்கும் சர்க்கரையான சுக்ரோஸை உடைத்துக் குளுக்கான் என்ற பசையை உண்டாக்குகிறது. அந்தப் பசையைப் பற்றிக்கொண்டு இதுவும் கூட இருக்கும் பாக்டீரியாக்களும் பல்லில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம், சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பல்லின் மேல் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். லாக்டோபேசில்லஸ் போன்ற அமிலம் தாங்கும் வகைகளும் சேர்ந்துகொள்ளும். சிறு குழந்தைகளின் கடுமையான சொத்தையில் ஸ்கார்டோவியா விக்சியே என்ற இன்னொரு பாக்டீரியாவும் காணப்படுகிறது. ஆகவே மியூட்டன்ஸ் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மியூட்டன்ஸ் வந்து சேர்வது, கூடவே இருந்து வளர்ப்பவர்களின் எச்சில் வழியாக. தாயிடம் இருக்கும் அதே ரகம் குழந்தையின் வாயிலும் இருப்பதை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தாய்க்குச் சொத்தை இருந்தால் அதைச் சரிசெய்வது குழந்தைக்கும் நல்லது என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

எச்சில் சும்மா இருப்பதில்லை. அமிலத்தை நீர்க்கச் செய்து, கரைந்த தாதுக்களை எனாமலுக்குத் திரும்பத் தரப் பார்க்கும். அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். இனிப்பான புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தையின் பல்லுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் மிகக் குறைவு. இந்தக் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள்தான் முதலில் கெடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, எச்சில் சுரப்பியும் பக்கத்திலேயே இருக்கிறது.

எனாமல் போனால் அடுத்தது அதன் அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு. பால்பல்லில் எனாமலின் தடிமன் அதிகம் போனால் 1 மில்லிமீட்டர்தான்; நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் 2 மில்லிமீட்டருக்கு மேல்கூட இருக்கும். டென்டினும் மெல்லியது. நடுவில் இருக்கும் உயிருள்ள திசுவான பற்கூழோ பல்லின் அளவோடு பார்த்தால் பெரியது, அதன் முனைகள் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்து நிற்கின்றன. டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள். அவற்றின் விட்டம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை, மியூட்டன்ஸோ 1 மைக்ரோமீட்டரும் இல்லை. தாராளமாக உள்ளே போகலாம். பால்பல்லில் சின்னதாகத் தெரியும் குழி சில மாதங்களிலேயே பற்கூழைத் தொட்டுவிடுவது இதனால்தான்.

பற்கூழ் சாவதற்கு பாக்டீரியாதான் காரணமா, இல்லை திறந்துவிட்டதாலேயே செத்துப்போகுமா? அமெரிக்காவில் காகேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் 1965-இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை சொன்னது. எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து, மூடாமல் அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகிச் சீழ் வைத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ, துளைக்குள் உணவுத் துணுக்குகள் அடைந்து கிடந்தும், காயத்துக்குக் குறுக்கே புதிய டென்டின் வளர்ந்து மூடிக்கொண்டது. இத்தனை எளிமையாக ஒரு கேள்வியைத் தீர்த்துவைத்த சோதனைகள் குறைவு.

பற்கூழுக்குள் நுழைந்தபின் காட்சி மாறுகிறது. முதலில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகின்றன. இரத்த ஓட்டம் நின்றதும் புது ஆக்சிஜன் வர வழியில்லை. சர்க்கரை வரவும் குறைகிறது; கிடைப்பது செத்த திசுவின் புரதம். அப்போது ஆக்சிஜன் இல்லாமல் வாழ்ந்து புரதத்தை உடைத்துத் தின்னும் இனங்கள் கை ஓங்குகின்றன: ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், பிரிவோடெல்லா, போர்பைரோமோனாஸ், பார்விமோனாஸ் மைக்ரா. நியூக்ளியேட்டம் ஊசிபோல நீண்டது, பல வகை பாக்டீரியாக்களோடு ஒட்டிக்கொள்ளக் கூடியது. படலத்தில் முன்னே வந்தவர்களையும் பின்னே வருபவர்களையும் இணைப்பது இதுதான். வெயிலோனெல்லா மற்றவை கழிக்கும் லாக்டிக் அமிலத்தையே உணவாக்கிக்கொள்ளும். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குச் சாப்பாடு. புரதம் உடையும்போது வெளிவரும் கந்தகச் சேர்மங்கள்தான் அந்தத் துர்நாற்றத்துக்குப் பெரிய காரணம். இவற்றில் பலவற்றின் வெளிச்சுவரில் உள்ள நச்சு உடலின் வெள்ளணுக்களைத் தூண்டிவிடும். செத்த வெள்ளணுக்களும் பாக்டீரியாக்களும் கரைந்த திசுவும் சேர்ந்ததுதான் சீழ்.

பெரியவர்களுக்கு இந்தச் சீழ் வழக்கமாக வேர் நுனியில் கோர்க்கும். பால் கடைவாய்ப் பல்லிலோ வேர்கள் பிரியும் இடத்தில் கோர்ப்பதுதான் அதிகம். அந்த இடத்தில் பல்லின் அடித்தளம் மெல்லியது, அதில் நுண்துளைகளும் கிளைக் குழாய்களும் உண்டு. விரிந்த வேர்களுக்கு நடுவே, எலும்புக்குள், நிரந்தர முன்கடைவாய்ப் பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. அதன் மேல்பகுதி உருவாகி முடிய 5 முதல் 7 வயது வரை ஆகும். அதற்குள் நீண்ட நாள் சீழ் இருந்தால் எனாமல் உண்டாக்கும் செல்கள் கெடலாம். புதுப்பல் பழுப்புக் கறையோடும் குழி விழுந்த எனாமலோடும் முளைக்கும். இப்படி வரும் பல்லுக்கு டர்னர் பல் என்று பெயர்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் போதாதா? பற்கூழ் செத்தபின் அங்கே இரத்தம் போவதில்லை, மருந்தும் போய்ச் சேராது. சுற்றியுள்ள திசுவில் கிருமி அடங்கி வலி தணியும். மாத்திரை முடிந்ததும் பல்லுக்குள் இருப்பவை மறுபடி கிளம்பும். காய்ச்சலும் முகவீக்கமும் இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் அவசியம். வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, கழுத்துக்கு இறங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுத்தினாலோ, அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூலத்தைத் தீர்க்க, பல்லுக்குள் இருப்பதை வெளியே எடுத்தாக வேண்டும். வேர் நன்றாக இருந்தால் குழாய்களைச் சுத்தம்செய்து, உடலில் கரையக்கூடிய பசையால் நிரப்புவார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் ரப்பர் போன்ற பொருள் இங்கே உதவாது. நிரந்தரப் பல் மேலே வரும்போது பால்பல் வேரோடு சேர்ந்து அந்த நிரப்பலும் கரைந்து வழிவிட வேண்டும். வேரையும் எலும்பையும் சீழ் அதிகம் அரித்திருந்தால் பல்லைப் பிடுங்குவதே நல்லது. அப்போது பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடாமல் இருக்க, கம்பி வளையம் ஒன்றைப் பொருத்திப் புதுப்பல் வரும்வரை இடைவெளியைக் காப்பாற்றி வைப்பார்கள்.