சர்ஃப் பலகையில் எந்த ரெசின் மேல் எந்த ரெசின்?

தெர்மோகோல் துண்டின் மீது பாலியஸ்டர் ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினை, சில சொட்டுகள் விட்டால், விழுந்த இடம் கரைந்து குழிந்துவிடும். ரெசினை இளக்கி வைக்கும் ஸ்டைரீன், தெர்மோகோலின் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடுகிறது. அதனால் அலைமேல் சறுக்கும் சர்ஃப் பலகையைச் செய்பவர்கள், அதன் உள்ளே இருக்கும் நுரை பாலிஸ்டைரீனாக இருந்தால் எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசினையே பூசுகிறார்கள். பாலியூரித்தேன் நுரை இரண்டையும் தாங்கும். அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு பாலியூரித்தேன் நுரை வழங்கிவந்த கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென மூடப்பட்டது. பாலிஸ்டைரீனுக்கு மாறிய பட்டறைகள் கூடவே ரெசினையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நுரையைவிட நுட்பமான சிக்கல் அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறது. முதலில் கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்துப் படியவைப்பார்கள். பிறகு துணியின் நெசவு மறையும்படி இன்னொரு பூச்சு. பாலியஸ்டரில் பெராக்சைடு கலந்ததும் உருவாகும் தனி உறுப்புகள்தாம் (free radicals, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) அதை இறுக வைக்கின்றன. மேற்பரப்பிலோ காற்றின் ஆக்சிஜன் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அடியில் கெட்டியான ரெசின், மேலே விரல் வைத்தால் பிசுபிசுக்கும். புதிதாகச் செய்பவர்கள் இதைப் பார்த்துப் பதறுவதுண்டு, பதற வேண்டியதில்லை. வினை முடியாத மூலக்கூறுகள் அங்கே மிச்சமிருப்பதால், அடுத்த பூச்சு அவற்றோடு வேதிப்பிணைப்பே கொள்கிறது. இதைவிட உறுதியான ஒட்டு கிடையாது.

இரண்டாம் பூச்சுக்கான ரெசினில் சிறிது மெழுகு கரைந்திருக்கும். அது மேலே மிதந்து வந்து காற்றைத் தடுப்பதால் மேற்பரப்பு முழுமையாக இறுகும், உப்புத்தாளால் தேய்க்கவும் முடியும். அதன் மேல் மறுபடி பூச வேண்டுமானால் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்த்தே ஆக வேண்டும். தேய்க்காவிட்டால் புதிய ரெசின் மெழுகின் மேல்தான் உட்காரும்.

எப்பாக்ஸிக்கு ஆக்சிஜனால் தொல்லையில்லை. குளிர்ந்த, ஈரமான காற்றுதான் ஆகாது. எப்பாக்ஸியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் உள்ள அமைன் என்ற வேதிப்பொருள், ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து மேலே வழவழப்பான படலமாகப் படியும். உடனே உப்புத்தாளை எடுத்தால் அந்தப் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். முதலில் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுப் பிறகு தேய்ப்பதே முறை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவதும் தவறு. வினைபுரியாத அமைன்தான் மிஞ்சும்.

அந்த மிச்ச அமைன்தான் இரு ரெசின்களும் சந்திக்கும் இடத்தில் வில்லங்கம் செய்கிறது. இறுகிய பாலியஸ்டரைத் தேய்த்து எப்பாக்ஸி பூசினால் நன்றாகப் பிடிக்கும். எப்பாக்ஸி மேல் பாலியஸ்டரைப் பூசினால், பெராக்சைடின் வேலையை அமைன் குலைத்து, ஒட்ட வேண்டிய அடிப்பரப்பை அரைகுறையாக விட்டுவிடக்கூடும். போதாததற்கு பாலியஸ்டர் இறுகும்போது எப்பாக்ஸியைவிட அதிகம் சுருங்கி ஒட்டை இழுக்கிறது. மேலே பளபளவென்று இருப்பதால் குறை தெரியாது. வெயிலிலும் அலையிலும் அடிபட்ட பிறகு தகடாக உரிந்து வரும்.

எந்த ரெசினால் ஆனது என்று தெரியாத பழைய பலகையைப் பழுது பார்க்கும்போது எப்பாக்ஸியை எடுப்பதே நல்லது. இரு நுரைகளையும் அது கெடுக்காது, தேய்த்த எந்தப் பரப்பிலும் பிடிக்கும். பாலியஸ்டரைவிட மெதுவாக இறுகும், வெயிலில் சற்று மஞ்சளிக்கும். பழுதுக்கு இவை பெரிய குறைகள் அல்ல.