கல்லைக் காட்டிக்கொடுக்கும் நிழல்

வாசகி ஒருவர் தன் அம்மாவின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தார். பித்தப்பையில் 9 மி.மீ. கல், அதன் பின்னால் 'அக்கூஸ்டிக் ஷேடோ' என்று இருக்கிறது. "கல்லோடு நிழல் வேறா, இது தனி நோயா?" என்று பயந்து கேட்டிருக்கிறார்.

நோய் இல்லை. அது கல்தான் என்பதற்கு அந்த நிழல்தான் சாட்சி.

அல்ட்ராசவுண்டில் நடப்பது பள்ளியில் படித்த எதிரொலிதான். ஒலி உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிடும். எதிரொலி வலுவாக வந்தால் வெள்ளை, வராவிட்டால் கறுப்பு. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும் என்பதால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். எதிரொலி தராத பித்தநீர் நிரம்பிய பை, திரையில் பேரிக்காய் வடிவக் கறுப்பாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஆழம் கூடக் கூட ஒலி வலுவிழக்கும். அதை ஈடுகட்ட, ஆழத்திலிருந்து வரும் எதிரொலியைக் கருவி பெருக்கிக் காட்டும். ஆனால் பித்தநீரைக் கடக்கும் ஒலி அவ்வளவாக வலுவிழப்பதில்லை. அதையும் சேர்த்துப் பெருக்குவதால், பித்தப்பைக்குப் பின்னால் இருக்கும் சதை வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். பைக்குள் கல் கிடந்தால் அதன் முகப்பு வெள்ளைப் பிறைபோல் மின்னும். வந்த ஒலியில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டு மீதியைக் கல் விழுங்கிவிடுவதால், அதற்குப் பின்னால் ஒலியே போய்ச் சேராது. சுற்றிலும் வெளுப்பு, நடுவே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. அதுதான் நிழல்.

அப்புறம் டாக்டர், "இடது பக்கமா திரும்பிப் படுங்கம்மா" என்பார். கல் உருண்டு இடம் மாறும், நிழலும் கூடவே போகும். பாலிப், அதாவது பையின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி என்றால் சுவரில் ஒட்டியபடியே இருக்கும், பெரும்பாலும் நிழலும் விழாது. பல கற்களின் அடர்த்தி பித்தநீரை ஒத்திருப்பதால் சி.டி. ஸ்கேனில்கூட அவை தப்பிவிடும். இந்த எளிய கருவியிடம் அவை மாட்டிக்கொள்வதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

ரிப்போர்ட்டில் வரும் மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்குள், பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளம் 6 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாகச் சரி. வயதானவர்களுக்கு நாளம் கொஞ்சம் அகன்றிருக்கலாம். வலியே தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வலது மேல்வயிற்றில் விடாத வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று பரப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அப்படி வெளிவந்த பச்சை உருண்டைகளைச் சோதித்த விவரம் 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அவற்றில் கொலஸ்ட்ரால் இல்லை, கால்சியமும் இல்லை. குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்டிருந்தது. குடித்தவரை மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள்: வெள்ளைப் பிறையும் நிழலும் பைக்குள் அப்படியே இருக்கும்.