பேஸ் என்றால் அடித்தளமா? ‘மணை’ இருக்கிறதே!

‘உங்கள் 15 மி.மீ. உயர வீரர்களுக்கு ஏற்ற அடித்தளத்தைத் தேர்ந்தெடுங்கள்.’ சின்னப் பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு பற்றித் தமிழில் யார் எழுதினாலும் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘அடிப்படையின் அகலம் 40 மி.மீ.’ என்று எழுதுகிறார்கள். இனியும் பொறுக்க முடியாது.

பொருள் என்ன? சின்ன ஈயப் பொம்மையோ பிளாஸ்டிக் பொம்மையோ, அது சாயாமல் நிற்பதற்காகக் காலடியில் ஒட்டும் தட்டையான துண்டுதான் ஆங்கிலத்தில் பேஸ் (base). பெரும்பாலும் 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டியிருப்பார்கள். மூலம் கிரேக்கத்தின் ‘பாசிஸ்’: காலடி, கால் ஊன்றும் இடம், சிலையின் பீடம். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

சரி, ‘அடித்தளம்’ ஏன் ஆகாது? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வீடு கட்டுகிறவரிடம் “தளம் போட்டாச்சா?” என்று கேட்டால், மேலே கான்கிரீட் போட்டாச்சா என்றுதான் அர்த்தம். அடியில் இருப்பதற்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்ட வேண்டும். அடித்தளம் என்பது மண்ணுக்குள் புதைந்து அசையாமல் கிடப்பது. பேஸின் வேலையோ நகர்வது. ஈட்டி வளையக் கூடாது, வர்ணம் விரலில் உரசிப் போகக் கூடாது என்பதற்காகப் பொம்மையைத் தொடாமல் அதன் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கி வைக்கிறோம். அசையவே அசையாத ஒன்றின் பெயரை இதற்கு வைக்கலாமா?

‘அடி’யை வெட்டிவிட்டு வெறும் ‘தளம்’ என்பவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். 1799 பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையை மேசையில் விரிக்கிறீர்கள். ‘தளத்தில் இருந்த வீரர்கள் முன்னேறினார்கள்’ என்று எழுதினால் எந்தத் தளம்? பாளையங்கோட்டையில் இருந்த கம்பெனிப் படைத்தளமா, பொம்மைக்கு அடியில் இருக்கும் துண்டா? போர் விளையாட்டில் படைத்தளத்தோடு மோதும் சொல்லைப் போய்ப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

‘பீடம்’ நல்ல சொல், சிற்பிகளின் சொல். வடமொழி என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. பீடம் என்றதும் மேலே ஒரு சாமி உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். இங்கே ஒரே துண்டில் நாலு ஈட்டிக்காரர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ‘பேஸ்’ என்றே எழுதலாமே என்றால், தமிழில் அது ஃபேஸா பேஸா என்றே தெரியாது.

என் சொல் ‘மணை’. அருவாமணையைப் பாருங்கள். கீழே தட்டையான கட்டை, அதில் நட்டுக்குத்தலாக நிற்கும் இரும்பு. அந்தக் கட்டைதான் மணை. மாவு தேய்க்கும் சப்பாத்தி மணை, மாப்பிள்ளைக்குப் போடும் மணைப்பலகை எல்லாமே தட்டை. எடுத்துப் போடலாம், எடுத்து வைக்கலாம். “மணை உட்காருவதற்கு அல்லவா, வீரன் நிற்கிறானே?” என்று ஒரு நண்பர் கேட்டார். அருவாமணையில் இரும்பு உட்கார்ந்தா இருக்கிறது?

கூட்டுச்சொற்களும் தானாக விழுகின்றன: வட்டமணை, சதுரமணை, ஒற்றைமணை, பலரை நிறுத்தும் கூட்டுமணை. ஒட்டி முடிப்பதற்கு ‘மணையேற்றுதல்’. இனி பழங்காலப் போர்களை ஆடுவதற்கான டி.பி.ஏ. என்ற விதித்தொகுப்பின் விதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘15 மி.மீ. படையில் எல்லா மணைக்கும் முகப்பு 40 மி.மீ. ஆழம் மட்டும் மாறும்: ஈட்டிக்காரருக்கு 15, குதிரைப்படைக்கு 30, யானைக்கு 40.’ எங்கேயாவது தடுக்குகிறதா? இந்த மாதிரி விதிகளில் மணைதான் கணக்கு. ஆள் எண்ணிக்கை வெறும் தோற்றத்துக்கு. அதனால் புதிதாக வருகிறவர் பொம்மை வாங்கும் முன்பே மணையளவை முடிவு செய்துகொள்வது நல்லது. ஒட்டிய பிறகு பிய்த்தால் கணுக்கால் ஒடியும்.

நிலம் போலத் தெரிவதற்காக மணைமேல் தூவும் மண்ணிலும் கவனம் வேண்டும். 6 மி.மீ. பொம்மை வீரன் உண்மையான ஆளில் ஏறக்குறைய 300-இல் ஒரு பங்கு. தாமிரபரணி மணலில் ஒரு மி.மீ. பருக்கை ஒன்று அவனுக்கு ஓர் அடி உயரக் கல். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணைச் சலித்துத் தூவினால் செம்மண் காடாகவே தெரியும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துக்கொண்டு ஓடுவதால்தான் இவ்வளவும். அதே சொல் வேதியியலில் வந்தால் ‘காரம்’ என்று ஒழுங்காக எழுதுகிறார்களே! பாடநூலில் பொருள் பார்த்துச் சொல் வைத்தார்கள். விளையாட்டு என்றால் மட்டும் ஏன் இந்த அலட்சியம்? ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் ‘அடித்தளம்’ வந்திருக்காது.

எழுதும்போது மூன்று சுழி ‘ண’ போடுங்கள். அருவாமணையையே பலர் ‘அருவாமனை’ என்று எழுதுகிறார்கள். இரண்டு சுழி போட்டால் அது வீட்டு மனை.